அடிக்கடி சிறுநீர், காரணம் தெரியாத எடைக்குறைவு: சர்க்கரையா, வேறு ஏதாவதா?

ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு முறை சிறுநீர் கழிக்கப் போகவேண்டியிருக்கிறது. ராத்திரியில் இரண்டு மூன்று தடவை தூக்கம் கலைகிறது. சாப்பாட்டில் குறைவில்லை, ஆனாலும் பேண்ட் இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது. இந்த இரண்டு அறிகுறிகளையும் சேர்த்து இணையத்தில் தேடினால் சர்க்கரை நோயில் தொடங்கிப் புற்றுநோய் வரை ஒரு பட்டியல் வந்து விழும். படித்து முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும்.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் காரணங்கள் ஏராளம். அடிக்கடி சிறுநீர் வர, கூடுதலாகக் குடித்த இரண்டு காப்பி போதும். கர்ப்பம், சிறுநீர்த் தொற்று, மழைக்காலக் குளிர் எல்லாமும் போதும். எடை குறைய மனக்கவலை போதும், சரியாகப் பொருந்தாத பல்செட் போதும். ஆனால் இரண்டும் ஒரே காலத்தில் ஒரே ஆளுக்கு வரும்போது பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. சுருங்கிய அந்தப் பட்டியலையும், அதில் எது எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்கலாம்.

முதலில் அளவெடுங்கள்

"அடிக்கடி யூரின் போகுது டாக்டர்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறு பிரச்சினைகள் ஒளிந்திருக்கின்றன. பல முறை போவது ஒன்று. நிறையப் போவது இன்னொன்று. இதைப் பிரித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் சாதாரணமாக 1 முதல் 2 லிட்டர் சிறுநீர் வரும். 3 லிட்டரைத் தாண்டினால்தான் மருத்துவர்கள் அதை மிகைச் சிறுநீர் என்பார்கள். வீட்டிலேயே அளந்துவிடலாம். காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்துவிட்டு, பக்கவாட்டில் 100 மி.லி.க்கு ஒரு கோடு பேனாவால் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் மணி, அளவு இரண்டையும் ஒரு தாளில் குறியுங்கள். குடித்த தண்ணீர், காப்பி, மோர் எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள். கொஞ்சம் அருவருப்பான வேலைதான். ஆனாலும் அந்த ஒரு தாள் பல ஆயிரம் ரூபாய் பரிசோதனையைவிட அதிகம் சொல்லும் நேரங்கள் உண்டு. படிக்கும் முறை இது:

1. முறை அதிகம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் வருகிறது, மொத்தம் 2 லிட்டருக்குள் என்றால் கோளாறு பெரும்பாலும் சிறுநீர்ப்பையிலோ அதன் அக்கம்பக்கத்திலோ இருக்கும்: தொற்று, புராஸ்டேட் வீக்கம், கல், அடக்கமுடியாத சிறுநீர்ப்பை.

2. முறையும் அதிகம், ஒவ்வொரு தடவையும் நிறையவும் வருகிறது, தாகமும் எடுக்கிறது என்றால் காரணம் ரத்தத்தில் இருக்கிறது. சர்க்கரையோ கால்சியமோ ஹார்மோனோ ஏதோ ஒன்று சிறுநீரகத்தைத் தண்ணீரை விடச்செய்கிறது.

3. பகலில் சரியாக இருந்து ராத்திரி மட்டும் தொல்லை என்றால் கால் வீக்கம், இதயம், சிறுநீரகம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். பிரஷருக்கான நீர்மாத்திரையைச் சாயங்காலம் போடுகிறவர்களுக்கும் இது வரும். நேரத்தைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்டாலே சிலருக்குத் தீர்ந்துவிடும்.

எடைக்கும் ஓர் அளவுகோல் உண்டு. முயற்சி எதுவும் இல்லாமல் 6 முதல் 12 மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் அதைக் கவனிக்கவேண்டிய எடைக்குறைவு என்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. வீட்டில் எடை மெஷின் இல்லாதவர்கள் பெல்ட்டைப் பார்க்கலாம், விரலில் சுழலும் மோதிரத்தைப் பார்க்கலாம், பிரித்துத் தைக்கவேண்டிய ஜாக்கெட்டைப் பார்க்கலாம்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. "இளைச்சுட்டீங்களே, நல்லாருக்கு!" என்று நாலு பேர் சொன்னதும் நோய் பாராட்டாக மாறிவிடுகிறது. இப்போதுதான் தொடங்கிய நடைப்பயிற்சிக்கு முழுப் பெருமையும் போய்விடும். தினமும் இருபது நிமிடம் நடந்து இரண்டே மாதத்தில் 8 கிலோ குறையாது. அப்படிக் குறைந்தால் வேறு எதுவோ குறைக்கிறது.

சர்க்கரை எப்படி இரண்டையும் சேர்த்துக் கொண்டுவருகிறது

சுருங்கிய பட்டியலில் முதல் இடம் சர்க்கரை நோய்க்குத்தான். இரண்டாம் இடத்தில் இருப்பது வெகு தூரத்தில் நிற்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'INDIAB' ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். எனவே இங்கே யாருக்கு இந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தாலும் முதல் வேலை ரத்தச் சர்க்கரை பார்ப்பது. அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஏன் என்பது புரிய மூன்று 180களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதோடு சேர்ந்து சுமார் 180 கிராம் குளுக்கோஸும் வெளியே வந்துவிடும். ஆரோக்கியமான உடலில் அந்தக் குளுக்கோஸ் ஒரு துளிகூட வீணாவதில்லை. சிறுநீரகக் குழாய்களில் உள்ள கடத்திப் புரதங்கள் அத்தனையையும் பிடித்து மறுபடி ரத்தத்துக்கே அனுப்பிவிடும். ஆனால் அந்தப் புரதங்களுக்கு ஓர் எல்லை உண்டு. சீட் நிறைந்த டவுன் பஸ் போலத்தான்: அதற்குமேல் வருகிற ஆள் ஸ்டாண்டிலேயே நிற்கவேண்டியதுதான். ரத்தச் சர்க்கரை 100 மி.லி.க்குச் சுமார் 180 மி.கி.யைத் தாண்டும்போது அந்த எல்லை வருகிறது. மூன்றாவது 180 அது.

பிடிபடாத குளுக்கோஸ் சிறுநீரில் கலக்கிறது. குளுக்கோஸ் தனியாகப் போகாது, தண்ணீரை இழுத்துக்கொண்டுதான் போகும். சிறுநீர் பெருகுகிறது, உடம்பு வறள்கிறது, தாகம் எடுக்கிறது, தண்ணீர் குடிக்கிறோம். நிறையக் குடிப்பதால்தான் நிறையப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள், நடப்பது தலைகீழ். நிறையப் போவதால்தான் குடிக்கவேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் தண்ணீரைக் குறைத்துப் பார்ப்பது ஆபத்தான பரிசோதனை. அதைவிட மோசம், அந்தத் தாகத்துக்குக் கரும்புச்சாறும் பாட்டில் குளிர்பானமும் குடிப்பது. சர்க்கரை ஏறும், சிறுநீர் கூடும், தாகம் இன்னும் எகிறும்.

எடை மூன்று வழிகளில் இறங்குகிறது.

1. நீர் வற்றுவதால். முதல் சில நாட்களில் குறையும் ஓரிரு கிலோ பெரும்பாலும் இதுதான்.

2. சிறுநீரில் கலோரி கசிவதால். 5 லிட்டர் சிறுநீரில் 2 சதவீதம் குளுக்கோஸ் இருந்தால் அது 100 கிராம், அதாவது 400 கலோரி. தினமும் ஏழெட்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே கழிப்பறையில் கொட்டுவதற்குச் சமம். ஒரு மாதத்தில் 12,000 கலோரி. கொழுப்புக் கணக்கில் ஒன்றரைக் கிலோ.

3. இன்சுலின் இல்லாததால். மூன்றில் கனமானது இதுதான். ரத்தத்தில் சர்க்கரை நிறைந்து வழிந்தாலும் இன்சுலின் இல்லாவிட்டால் தசையும் கொழுப்புத் திசுவும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. உடல் பட்டினி கிடப்பதாக நினைத்துக்கொண்டு சேமித்து வைத்த கொழுப்பையும் தசையையும் கரைக்கிறது. பசி எடுக்கிறது, சாப்பிடுகிறார்கள், ஆனாலும் தொடையும் தோளும் வற்றுகின்றன.

இதனோடு பார்வை மங்குவது, அசதி, பிறப்புறுப்பில் அரிப்பு, ஆண்களுக்கு முன்தோலில் வெடிப்பு, ஆறாத புண் ஆகியவையும் வரலாம். கழிப்பறையில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்த காலம் ஒன்று இருந்தது. எறும்பு வராததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். வயதானவர்களுக்கு அந்த 180 எல்லை மேலே நகர்ந்துவிடுவதால் ரத்தத்தில் 220 இருந்தும் சிறுநீரில் சர்க்கரை தெரியாமல் போகலாம். கர்ப்பிணிகளுக்கு எல்லை கீழே இறங்குவதால் நோய் இல்லாமலேயே சிறுநீரில் சர்க்கரை தெரியலாம். ரத்தப் பரிசோதனைதான் தீர்ப்புச் சொல்லும்.

எந்த எண் வந்தால் சுகர்?

கீழே உள்ளவற்றில் ஒன்று போதும். ஆனால் அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள்.

1. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல்.
2. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல்.
3. மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல்.
4. தாகம், சிறுநீர், எடைக்குறைவு ஆகிய அறிகுறிகளோடு எந்த நேரத்தில் எடுத்தாலும் 200 அல்லது அதற்கு மேல்.

நம் கட்டுரைக்கு நான்காவதுதான் முக்கியம். இந்த அறிகுறிகளோடு இருப்பவர் நாளைக் காலை வெறும் வயிற்றில் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. இப்போதே ஒரு விரல் குத்தல் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு வாங்கமாட்டார்கள்.

எச்பிஏ1சியை மட்டும் நம்புவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. அது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. ரத்தம் ஏற்றியவர்கள், சமீபத்தில் ரத்தம் இழந்தவர்கள், சிலவகை ரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்த எண் தப்பாக வரும். வேகமாக வளரும் டைப் 1 சர்க்கரையிலும் மூன்று மாதச் சராசரி இன்றைய நிலவரத்தைவிடப் பின்தங்கியே இருக்கும்.

சுகர் என்று தெரிந்துவிட்டது. எந்த சுகர்?

பலருடைய தேடல் இங்கே நின்றுவிடுகிறது. "சுகர்தான், மாத்திரை எழுதிட்டாங்க" என்று கிளம்பிவிடுகிறார்கள். எடை குறைந்து வரும் சர்க்கரைக்கு இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும் என்பேன். பழக்கமான டைப் 2 சர்க்கரை பெரும்பாலும் வருடக்கணக்கில் அறிகுறியே இல்லாமல் இருக்கும். வேறு எதற்கோ ரத்தம் பார்க்கும்போது மாட்டும். ஆளை உருக்கிக்கொண்டு வரும் சர்க்கரை என்றால் இன்சுலின் ரொம்பவே குறைந்துவிட்டது என்று பொருள். ஏன் குறைந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு.

1. குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் டைப் 1. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்தி ஒரு வருடம் ஆன குழந்தை மறுபடி நனைக்கத் தொடங்கினால் திட்டாதீர்கள், சுகர் பாருங்கள். பூச்சித் தொல்லை, சளி, பள்ளிக்கூட பயம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று வாரங்களில் குழந்தை மயங்கி விழும் நிலைக்குப் போய்விடும். இதற்கு இன்சுலின் ஊசி ஒன்றே மருந்து. அதை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்குப் போனால் உயிர் போகும். இதில் நாசூக்காகச் சொல்ல எதுவும் இல்லை.

2. பெரியவர்களிடம் அதே வகை, மெதுவாக. முப்பது, நாற்பது வயது, ஒல்லியான உடல், குடும்பத்தில் சுகர் இல்லை. மாத்திரை மேல் மாத்திரை கூட்டியும் கட்டுப்படவில்லை. டைப் 2 என்ற முத்திரையோடு சில வருடங்கள் ஓடியிருக்கும். ஜிஏடி எதிர்ப்பொருள், சி-பெப்டைட் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் உண்மையைச் சொல்லும்.

3. டைப் 2தான், ஆனால் முற்றியது. சர்க்கரை 350, 400 என்று பல மாதம் இருந்தால் அந்தச் சர்க்கரையே கணையத்தைத் திணறடிக்கும். சில வாரம் இன்சுலின் போட்டு இறக்கினால் கணையம் ஓரளவு மூச்சுவிட்டு, பலர் மாத்திரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். "இன்சுலின் ஆரம்பித்தால் ஆயுசுக்கும்" என்ற பயத்தால் இந்த வாய்ப்பைத் தவறவிடுகிறவர்கள் அதிகம்.

4. கணையமே கெட்டுப்போனதால் வந்தது. நாள்பட்ட கணைய அழற்சி இன்சுலின் செல்களையும் சேர்த்து அழிக்கும். மது ஒரு காரணம். ஆனால் மதுவைத் தொடாத ஒல்லியான இளைஞர்களுக்கும் கணையக் குழாய்களில் சுண்ணாம்புக் கற்கள் சேர்ந்து சர்க்கரை வருவது தென்னிந்தியாவில் நெடுங்காலமாகத் தெரிந்த நோய். கேரளத்து மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் இதைப் பெரிய அளவில் பதிவு செய்தார். சிறு வயதிலிருந்து விட்டு விட்டு வரும் வயிற்று வலி, தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் பசையான மலம், இளைப்பு, சர்க்கரை என்ற வரிசையில் கதை இருந்தால் இதை நினைக்கவேண்டும். வயிற்று எக்ஸ்ரேயிலேயே சிலருக்குக் கற்கள் தெரிந்துவிடும். இவர்களுக்கு இன்சுலினோடு செரிமான நொதி மாத்திரையும் தேவைப்படும். அது இல்லாமல் எடை ஏறாது. மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்ற பேச்சு நீண்ட காலம் இருந்தது, நிரூபணமாகவில்லை.

5. ஊட்டக்குறைவோடு வரும் சர்க்கரை. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கு டைப் 5 என்று பெயர் கொடுத்தபோது "இது என்ன புது வகை?" என்று பலர் கேட்டார்கள். புதிதல்ல. 1955இலேயே ஜமைக்காவில் இதை விவரித்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1985இல் பட்டியலில் சேர்த்து 1999இல் எடுத்துவிட்டது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையும் நியூயார்க் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, இவர்களுக்கு இன்சுலின் சுரப்பு குறைவு, ஆனால் டைப் 2 போல இன்சுலினுக்கு உடல் எதிர்ப்புக் காட்டுவதில்லை என்று காட்டியது. இது தனி நோய்தானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: மிக ஒல்லியான, சிறு வயதில் சரியான சாப்பாடு கிடைக்காத ஒருவருக்குச் சுகர் வந்தால் "சோற்றைக் குறை" என்ற வழக்கமான புத்திமதி பொருந்தாமல் போகலாம்.

6. கணையப் புற்றுநோய். இதைச் சொல்லும்போது அளவு தவறக்கூடாது. 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் அடுத்த மூன்று வருடத்தில் இந்தப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவது நூறில் ஒருவருக்குத்தான், சுமாராக. அதனால் புதுச் சுகர்காரர் எல்லோரும் சிடி ஸ்கேனுக்கு ஓடத் தேவையில்லை. ஆனால் வயது 50க்கு மேல், குண்டான உடலோ குடும்ப வரலாறோ இல்லை, பசி செத்துவிட்டது, முதுகுக்கு ஊடுருவும் மேல்வயிற்று வலி, கண் மஞ்சள் ஆகியவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தால் ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் நீங்களே பேச்சை எடுக்கவேண்டும். ஒரு துப்பு: சாதாரண சர்க்கரை உருக்கும்போது பசி கூடும். பசியும் சேர்ந்து போனால் சந்தேகம் வலுக்கிறது.

சுகர் நார்மல். அப்போ என்ன?

1. தைராய்டு அதிகச் சுரப்பு. உடலின் எஞ்சினை அது வேகமாக ஓட்டுவதால் சாப்பிடச் சாப்பிட இளைப்பு, நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, அடிக்கடி மலம், சிலருக்குத் தாகமும் சிறுநீரும். டிஎஸ்எச் என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராய்டு என்றாலே குண்டாவது என்ற எண்ணம் பரவிக்கிடப்பதால் இளைப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

2. ரத்தத்தில் கால்சியம் கூடுவது. கால்சியம் ஏறினால் சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கிறது. கூடவே மலச்சிக்கல், வாந்தி உணர்வு, பசியின்மை, குழப்பம். பாராதைராய்டு சுரப்பியில் வரும் சாதாரணக் கட்டியும் எலும்பு மஜ்ஜைப் புற்றும் இதைச் செய்யும். நம் ஊரில் இன்னொரு காரணத்தையும் கேட்டாகவேண்டும்: வைட்டமின் டி. வாரம் ஒன்று போடவேண்டிய 60,000 யூனிட் பாக்கெட்டைத் தினம் ஒன்றாகப் போட்டுத் தீர்த்தவர்களுக்கு இந்த நிலை வருவது மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவான விஷயம். மூட்டு வலிக்குப் போட்ட ஊசியும் அதே வைட்டமினாக இருந்திருக்கலாம். பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள்.

3. காசநோய். எடைக்குறைவு, சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை. அது சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் பிடித்தால் அடிக்கடி எரிச்சலோடு சிறுநீர் வரும். சிறுநீரில் சீழ்செல் இருக்கும், ஆனால் சாதாரணக் கல்ச்சரில் கிருமி வளராது; ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுத்தும் தீராது. இருமல் இல்லை என்பதால் காசநோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. சர்க்கரை இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு என்பதால் ஒன்று தெரிந்தால் மற்றதையும் பார்த்துவிடுவது வழக்கம்.

4. நாள்பட்ட சிறுநீரக நோய். தொடக்கத்தில் ராத்திரிச் சிறுநீர், பின்னர் பசியின்மையும் இளைப்பும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவும் சிறுநீரில் புரதமும் பார்த்தால் போதும்.

5. புராஸ்டேட், சிறுநீர்ப்பை. வயதான ஆண்களுக்கு வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கம் எடையைக் குறைக்காது. எடையும் சேர்ந்து குறைந்தால் அந்த வீக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. வலியில்லாமல் ஒரே ஒரு தடவை ரத்தம் கலந்து போனாலும் காட்டியாகவேண்டும், குறிப்பாகப் புகைப்பிடிப்பவர்கள்.

6. பழைய பெயரில் டயாபடிஸ் இன்சிபிடஸ். சர்க்கரைக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. நீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் வாசோப்ரெசின் ஹார்மோன் கோளாறு இது. மருத்துவமனை ஊழியர்களே சர்க்கரை நோய் என்று குழப்பிக்கொண்டதால் 2022இல் பெயரை மாற்றினார்கள். நாளுக்கு 5, 10 லிட்டர் என்று தண்ணீர் போல வெளுத்துப் போகும். எடைக்குறைவு இதில் முக்கிய அறிகுறி கிடையாது.

நோய் இல்லை, மாத்திரை

சுகர் மாத்திரைகளில் இன்று நிறைய எழுதப்படுவது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை. மேலே சொன்ன கடத்திப் புரதங்களில் முக்கியமான எஸ்ஜிஎல்டி2வை இவை அடைத்துவிடுகின்றன. சர்க்கரையைச் சிறுநீரில் கழிப்பதுதான் இவற்றின் வேலையே. 1835இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளின் வழிவந்தவை இவை. எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் இந்தியாவில் முடிந்ததும் விலை சரிந்தது. சர்க்கரையே இல்லாத இதய நோயாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் இவற்றைக் கொடுக்கிறார்கள்.

அதனால் இதைப் போடுகிறவர்களுக்குச் சிறுநீர் கூடுவதும் சில மாதத்தில் 2, 3 கிலோ குறைவதும் எதிர்பார்த்ததுதான். லேப் ரிப்போர்ட்டில் சிறுநீர்ச் சர்க்கரைக்கு நாலு கூட்டல் குறி வரும். ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தால் அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பதறவேண்டிய இடம் வேறு. இந்த மாத்திரையோடு பேலியோ, கீட்டோ என்று மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவது, நீண்ட விரதம், வாந்தி பேதி, ஆபரேஷன் ஆகியவை சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை 180, 200 என்று சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகிவிடலாம். எண்ணைப் பார்த்து வீட்டிலும் ஏமாறுவார்கள், அவசரப் பிரிவிலும் ஏமாறுவார்கள். என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நீர்மாத்திரை, சுகரை ஏற்றிவிடும் ஸ்டீராய்டு, மனநல சிகிச்சையில் தரும் லித்தியம் ஆகியவையும் சிறுநீரைக் கூட்டும். எடைக்குறைப்பு ஊசி போடுகிறவர்களுக்கு எடைக்கான காரணம் கையிலேயே இருக்கிறது. ஆனால் அவர்களுக்குச் சிறுநீரும் தாகமும் புதிதாகக் கூடினால் அந்த ஊசி அதற்குப் பதில் ஆகாது.

இன்றைக்கே போகவேண்டிய நேரங்கள்

1. தாகம், சிறுநீர், இளைப்போடு வாந்தி அல்லது வயிற்று வலி.
2. ஆழமாக, வேகமாக இழுத்து விடும் மூச்சு. மூச்சில் பழம் அழுகியது போன்ற வாடை.
3. தூங்கிவழிவது, பேச்சில் குழப்பம். வயதானவர்களுக்குச் சர்க்கரை 600க்கு மேல் போகும்போது வாந்தி எதுவும் இல்லாமல் நேராக இந்தக் குழப்பம்தான் வரும். பக்கவாதமோ என்று நினைப்பார்கள்.
4. குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ இந்த அறிகுறிகள் எது வந்தாலும்.

முதல் இரண்டும் கீட்டோஅசிடோசிஸ் என்ற நிலை. கொழுப்பு கரைந்து உண்டாகும் அமிலம் ரத்தத்தில் சேர்ந்துவிட்டது. வயிற்று வலியைப் பார்த்துக் குடல்வால் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. 108க்குப் போன் செய்துவிட்டு, ஆள் தெளிவாக இருந்தால் வெறும் தண்ணீர் கொடுக்கலாம். அசந்துபோய்க் கிடக்கிறாரே என்று குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் கை தானாகச் செய்கிற காரியம். இங்கே அதைச் செய்யாதீர்கள். ஆனால் ஏற்கெனவே இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர் திடீரென வியர்த்து நடுங்கினால் அது சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். அங்கே இனிப்புதான் மருந்து. சந்தேகம் வந்தால் ஒரு விரல் குத்தல் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

மற்றவர்கள் இந்த வாரத்துக்குள் பார்க்கவேண்டியவை

ரத்தச் சர்க்கரை, எச்பிஏ1சி, சிறுநீர்ப் பரிசோதனை, கிரியாட்டினின், சோடியம் பொட்டாசியம், கால்சியம், டிஎஸ்எச், ரத்த அணுக்கள், நெஞ்சு எக்ஸ்ரே. பெரும்பாலும் விடை இந்த முதல் சுற்றிலேயே கிடைத்துவிடும். விற்பனைக்கு வரும் "முழு உடல் பேக்கேஜ்" ரிப்போர்ட்டில் எழுபது எண்கள் இருந்தும் கால்சியம் இல்லாமல் இருப்பதுண்டு, பார்த்து வாங்குங்கள். புற்றுநோய்க் குறியீடுகள் என்று விற்கும் ரத்தப் பரிசோதனைகளை மருத்துவர் கேட்காமல் எடுக்க வேண்டாம். நோய் இல்லாதவருக்கும் ஏறி நின்று பயமுறுத்தும், இருப்பவருக்கும் சில நேரம் நார்மலாக வரும்.

கையோடு கொண்டுபோகவேண்டியவை: அந்த 24 மணி நேரத் தாள், போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் (சித்தா, ஆயுர்வேதம், ஜிம்மில் வாங்கிய பவுடர் உட்பட), பழைய எடை எங்காவது பதிவாகியிருந்தால் அதுவும்.

சிகிச்சை தொடங்கியபின் எடை

சர்க்கரைதான் காரணம் என்றால், இறங்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே சிறுநீரும் தாகமும் குறைந்துவிடும். பார்வை மட்டும் சில வாரம் தெளியாமல் முரண்டு பிடிக்கும். அதற்குள் புதுக் கண்ணாடி வாங்கிவிடாதீர்கள், பவர் மாறும். அப்புறம் எடை மெதுவாகத் திரும்பும். இதைப் பார்த்து "ஊசி போட்டுக் குண்டாகிறேன்" என்று இன்சுலின் அளவைத் தாங்களே குறைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், இளம்பெண்களில் கூடுதலாக. திரும்பி வருவதில் பெரும்பகுதி நோய் பிடுங்கிக்கொண்டுபோன சொந்த எடைதான்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி நன்றாக இறங்கியிருக்கிறது, சிறுநீரும் பழைய நிலைக்கு வந்துவிட்டது, எடை மட்டும் தொடர்ந்து குறைகிறது என்றால் அந்த எடைக்குறைவைச் சர்க்கரைக் கணக்கில் எழுத முடியாது. மேலே உள்ள பட்டியலுக்கே திரும்பவேண்டும். போடும் மாத்திரை கிளிஃப்ளோசின் வகையா என்று முதலில் பார்ப்பார்கள். அப்புறம் கணையம், தைராய்டு, காசநோய் என்ற வரிசையில் போவார்கள். வயிற்று ஸ்கேனுக்கு அல்ட்ராசவுண்ட் போதுமா, சிடி வேண்டுமா என்று கேளுங்கள். குடலில் உள்ள வாயு மறைப்பதால் கணையம் முழுவதும் அல்ட்ராசவுண்டில் பல நேரம் தெரிவதில்லை.